எஸ்கில் பெயரில் ஒரு பக்கம்

பால்ஸ்டா, 11 ஜனவரி 2022

அன்புள்ள தோர்டிஸ் க்வாம்மெ அவர்களுக்கு,

என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். உங்களிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்த எஸ்கிலின் அப்பா. வடக்கே ஸ்வால்பார்டில் பனிக்கட்டி உடைந்து, பனி ஸ்கூட்டரோடு அவன் கடலில் மூழ்கி, இந்த ஏப்ரலோடு ஐந்து வருடம் ஆகிறது. அடக்கத்தன்று நீங்கள் ட்ரொம்சோவிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். சாப்பிடாமல் போய்விட்டீர்கள் என்று என் மனைவி யோருனுக்கு இன்னும் மனத்தாங்கல்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் லெக்னெஸ் நூலகத்துக்குப் போயிருந்தேன். ஒரு குளிர்காலம் முழுவதும் என் மகன் ஸ்வால்பார்டில் ஒரு குடாவில் துளை போட்டுத் துளை போட்டுப் பனிக்கட்டியின் தடிமனை அளந்தானே, அதெல்லாம் எங்கே போயிற்று என்று அங்கே இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். "இப்பல்லாம் யாரும் பூட்டி வெக்கிறதில்ல ஹில்மார். வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்னு இணையத்துல போட்டுருவாங்க. வாங்க, தேடிப் பாப்போம்" என்றாள்.

குடாவின் பெயரைத் தேடுபெட்டியில் போட்டதுமே துருவத் தரவுக் களஞ்சியத்தின் பக்கம் வந்துவிட்டது. வரைபடத்தில் அவன் போட்ட துளைகள் ஒவ்வொன்றும் ஒரு நீலப் புள்ளி. "இந்த எண்களை யாராவது தங்களோட கட்டுரையில எடுத்தாண்டா, யாரோடதுன்னு இப்படித்தான் சொல்லணும்" என்று அவள் ஒரு வரியைக் காட்டினாள். பெயர், ஆண்டு, தலைப்பு, கடைசியில் நிரந்தர எண் என்று நீளமாக ஒன்று. பெயர் வர வேண்டிய இடத்தில் 'க்வாம்மெ, தோ.' என்று இருந்தது. பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கிப் பார்த்தோம். சின்ன எழுத்தில், 'களப்பணியில் உதவிய எ. நூ.வுக்கு நன்றி' என்று ஒரு வரி.

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் கருவாட்டைத் தரம் பிரித்தவன். ஒரு காட் மீனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து, கழுத்தை அழுத்திப் பார்த்து, முதல் தரம் இத்தாலிக்கு, மட்டமானது ஆப்பிரிக்காவுக்கு என்று ஒதுக்குவேன். கட்டின் மேல் காய வைத்தவன் பெயர்தான் போகும். தரம் பிரித்தவன் தன் பெயரை ஒட்டிக்கொண்டால் ஊரில் என்ன பேசுவார்கள்? உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உதாரணம் சொன்னால் எனக்கே தெளிவாகும், அதனால் சொன்னேன்.

மறதியாக நடந்திருக்கும். எஸ்கில் நூர்வோக் என்று முழுப்பெயரை முதலில் போட்டுவிடுங்கள். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. உலகத்தில் எங்கோ யாரோ ஒருவர் தன் கட்டுரையின் அடியில் அந்தப் பெயரை எழுதினால் அது போதும்.

அன்புடன்,
ஹில்மார் நூர்வோக்


ட்ரொம்சோ, 20 ஜனவரி 2022

அன்புள்ள ஹில்மார்,

எஸ்கிலை நான் மறக்கவில்லை.

அந்த வரியில் வரும் பெயர் பாராட்டுக்காகப் போடப்படுவது என்று நினைக்கிறீர்கள். அந்த எண்களுக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரின் பெயர் அது. இறந்தவன் பதில் சொல்ல முடியாது. அதனால் என் பெயர் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

யோருனிடம் சொல்லுங்கள். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான்.

தோர்டிஸ் க்வாம்மெ


பால்ஸ்டா, 14 பிப்ரவரி 2022

அன்புள்ள தோர்டிஸ்,

இறந்தவன் பதில் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யோருனுக்குப் படித்துக் காட்டினேன். "அதான் எடுத்துக்கிட்டாளா?" என்றாள்.

நூலகத்துப் பெண்ணை உட்காரவைத்துக் களஞ்சியத்தின் விதிகளைப் படித்தேன். அவள் வாய்விட்டு மொழிபெயர்த்தாள், நான் கேட்டேன். களத்தில் நின்று அளந்தவர் பெயர் இருக்க வேண்டும், அவர் உயிரோடு இல்லாவிட்டாலும் இருக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. விதி தெரியாமலா அந்தக் களஞ்சியத்தின் குழுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

அந்த எண்களை எடுத்தாண்ட கட்டுரைகளையும் தேடினோம். பக்கத்தின் ஓரத்திலேயே பட்டியல் இருக்கிறது. எழுதியவர்களுக்கெல்லாம், அளந்தவன் என் மகன் என்று கடிதம் போட்டேன். பெரும்பாலானவர்கள் அனுதாபம் சொன்னார்கள். போலந்தில் கதான்ஸ்க் நகரத்துப் பெண் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதினாள். பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் தான் போட முடியும் என்றாள். போன இலையுதிர்காலத்தில் அந்த எண்களைப் பற்றி உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்டாளாம், இன்னும் பதில் இல்லையாம். பாருங்கள், போலந்துக்காரிக்குக்கூட உறுத்துகிறது.

எஸ்கில் ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசையில் சொன்னான்: "துளை போடறது நாங்க, மேடையில பேசறது தோர்டிஸ். அவங்க ஸ்வால்பார்டுக்கு வர்றதே போட்டோ எடுத்துக்கத்தான்ப்பா." நான் அவனை அதட்டினேன். "சொல்லிக் குடுக்கறவங்களை அப்படிப் பேசாதடா" என்றேன். அதட்டியது தப்பு என்று இப்போது படுகிறது.

பெயரை மாற்றுங்கள். நயமாகக் கேட்கிறேன்.

ஹில்மார்


ட்ரொம்சோ, 1 மார்ச் 2022

ஹில்மார்,

நீங்கள் கடிதம் போட்டவர்களில் சிலர் என் துறைத் தலைவருக்கு எழுதிவிட்டார்கள். நேற்று அவர் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. உங்களுக்கும் கொடுக்கப் போவதில்லை.

ஒன்று சொல்கிறேன், காரணம் கேட்காதீர்கள். அந்தப் பக்கத்தில் எஸ்கிலின் பெயர் இல்லாமலிருப்பது அவனுக்கு நல்லது. உங்களுக்கும் யோருனுக்கும்கூட. அதில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கோடைக்குள் அதை என் பெயரிலேயே முடித்துவிடுகிறேன். அதுவரை பொறுங்கள். அதன் பிறகு நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

தோர்டிஸ்


பால்ஸ்டா, 9 மே 2022

தோர்டிஸ்,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். உனக்கு அந்தக் கவலை இருந்திருக்காது, ஆனாலும் சொல்கிறேன்.

உனக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று செய்தித்தாளில் பார்த்ததும் ஸ்டாம்சுண்டில் ட்ரொம்சோவுக்குக் கப்பலேறிவிட்டேன். அரங்கத்தில் நல்ல கூட்டம். நீ திரையில் நீலப் புள்ளிகளைக் காட்டினாய். என் மகனின் புள்ளிகள். 'எங்கள் அளவீடுகள்' என்றாய். அந்த 'எங்கள்' என்ற சொல் வரும்வரைக்கும் நான் வாயைத் திறப்பதாகவே இல்லை, நம்பினால் நம்பு.

என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியும். மறந்திருந்தால் எழுதியே தருகிறேன். "இந்தம்மா தன் கையால ஒரு துளைகூடப் போட்டதில்ல. போட்டவன் செத்துட்டான். செத்த பையனோட பையில கைய விட்டு எடுத்துட்டு வந்து மேடையில நின்னு வித்துக்கிட்டிருக்கு. அவனைத் தனியா பனிக்கட்டி மேல அனுப்பினதும் இந்தம்மாதான்." யாரோ, "யாருங்க இவரு? உக்காருங்க!" என்றார்கள். "பெத்தவன்யா, உக்கார முடியல" என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

முன்வரிசையில் மரபுடையும் வெள்ளி ஊக்குமாக ஒரு முதிய பெண்மணி உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி உன்னைப் பார்த்துக் கேட்டார்: "தோர்டிஸ், இவர் என்னடி சொல்றார்? யாரோடதை எடுத்தே?" உன் முன்னால் இருந்த மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது. உன் அம்மா என்று பிறகுதான் சொன்னார்கள். தெரிந்திருந்தாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். பிள்ளையைத் தொலைத்தவள் என் வீட்டில் இருக்கிறாள். எப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றோம் என்று உன் அம்மாவும் தெரிந்துகொள்ளட்டும்.

பெயரை மாற்றும்வரை வருவேன். நீ பேசும் இடமெல்லாம் வருவேன்.

ஹில்மார்


ட்ரொம்சோ, 23 மே 2022

அன்புள்ள ஹில்மார்,

நீங்கள் கேட்டது நியாயம். நான்தான் பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

களஞ்சியத்தில் பேசினேன். அந்தத் தரவுத்தொகுப்பைப் புதிய பதிப்பாக, புதிய நிரந்தர எண்ணோடு வெளியிடலாம் என்கிறார்கள். முதல் பெயராக மட்டும் ஏன், ஒரே பெயராகவே எஸ்கில் நூர்வோக் என்று போட்டுவிடலாம். என் பெயர் எந்த மூலையிலும் வராது. பழைய எண்ணைத் தேடுகிறவர்களும் இனி அவனுடைய பக்கத்துக்கே வந்து சேருவார்கள்.

இறந்தவரின் பெயரைப் போட நெருங்கிய உறவினரின் ஒப்புதல் வேண்டும். இத்துடன் இருக்கும் தாளில் நீங்களும் யோருனும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவசரப்படாமல் படியுங்கள். 'அளவுகளுக்கான முழுப் பொறுப்பும் மேலே பெயர் குறிப்பிடப்பட்டவருடையது' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது, அதை இரண்டு முறை படியுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர எண் கொடுத்து வெளியிட்ட பக்கத்தை அதன் பிறகு யாராலும் நீக்க முடியாது. களஞ்சியத்தின் தலைவரே கேட்டாலும் முடியாது. நீங்கள் விரும்புவதும் அதுதானே?

என் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

அன்புடன்,
தோர்டிஸ்


பால்ஸ்டா, 30 ஜூன் 2022

அன்புள்ள தோர்டிஸ்,

வந்துவிட்டது! நூலகத்துப் பெண் தொலைபேசியில் கத்தினாள், நான் காலணியைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். 'நூர்வோக், எஸ்கில்.' அதற்கு முன்னாலும் பின்னாலும் வேறு பெயர் இல்லை.

அரங்கத்தில் நான் பேசியது அதிகம். யோருனும் அதைத்தான் சொல்கிறாள். "பேரைக் கேக்கப் போன ஆளு, அவங்கம்மா முன்னாடி அப்படியா பேசறது?" என்று ஒரு வாரம் எனக்குச் சரியாகச் சாப்பாடு போடவில்லை. உங்களை அவமானப்படுத்திய பிறகும் நீங்கள் இதைச் செய்தீர்கள். நான் உங்களைத் தப்பாக எடைபோட்டுவிட்டேன். முகர்ந்து பார்த்துத் தரம் சொல்பவன் நான், மனிதர்களிடம் அது பலிக்கவில்லை.

கடையில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஒட்வார் என்று ஒருவன், எஸ்கிலோடு பள்ளியில் படித்தவன், தன் போனிலேயே தேடிப் பார்த்துவிட்டு, "ஹில்மார், நம்ம ஊர்ல இணையத்துல நல்ல விஷயத்துக்குப் பேரு வந்த ஒரே ஆளு இவன்தான்" என்றான். அங்கேயே ஒரு சிரிப்பு.

இன்னொன்றும் செய்தோம். எஸ்கிலின் கல்லறைக் கல்லில் அந்த நிரந்தர எண்ணைப் பொறித்துவிட்டோம். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, அதன் கீழே எண். கல்வெட்டுபவன், "இதென்ன, போன் நம்பரா?" என்றான். "இல்லப்பா, எப்பவும் மாறாத நம்பர். யாரு எங்க இருந்து தட்டினாலும் இவன் வருவான்" என்றேன். "அப்படியா, அப்ப ஆழமாவே வெட்டிர்றேன்" என்றான்.

யோருன் காலையில் எழுந்ததும் கையடக்கக் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் காபி குடிக்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தொலைக்காட்சியில் கீழே நம் மொழியில் எழுத்து ஓடாவிட்டால் படமே பார்க்காதவள். பெயரை மட்டும் படிப்பாள். பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓரத்தில் ஓர் எண் மாறிக்கொண்டே இருக்கும் அல்லவா? "இன்னைக்கு ரெண்டு பேர் வந்திருக்காங்க ஹில்மார்!" என்றாள். "அந்த ரெண்டு பேரும் நாமதான்" என்றேன். "இருந்தா என்ன? ரெண்டு ரெண்டுதானே" என்றாள். அவள் வேடிக்கையாகப் பேசிக் கேட்டு வருடங்கள் ஆகின்றன.

இத்தாலிக்குப் போகும் தரத்தில் ஒரு கட்டுக் கருவாடு அனுப்பியிருக்கிறேன். நன்றாக ஊறவைத்துச் சமையுங்கள்.

மிகுந்த நன்றியுடன்,
ஹில்மார், யோருன்


ட்ரொம்சோ, 5 செப்டம்பர் 2022

அன்புள்ள ஹில்மார்,

கருவாடு வந்து சேர்ந்தது. அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டேன்.

எஸ்கிலின் பக்கத்தில் இன்று ஒரு மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது. உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பக்கத்தின் தலையில் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில வாசகத்தை உங்களுக்காக மொழிபெயர்த்திருக்கிறேன்:

'இந்தத் தரவுத்தொகுப்பு திரும்பப் பெறப்பட்டுள்ளது. அளந்தவர், பனிக்கட்டியின் மேல் கிடந்த தூள்பனியை விலக்காமல் அதன் மேலிருந்தே அளந்திருக்கிறார். இதனால் எல்லாத் துளைகளிலும் பனிக்கட்டி உண்மையில் இருந்ததைவிடத் தடிமனாகக் காட்டப்பட்டுள்ளது. தூள்பனியின் உயரத்தை அவர் குறிக்காததால் பிழையைத் திருத்த இயலாது. இந்த எண்களைப் பயன்படுத்த வேண்டாம்.'

எண்கள் அடங்கிய கோப்பை எடுத்துவிட்டார்கள். பக்கமும் பெயரும் நிரந்தர எண்ணும் இருக்கும். இனி யாராவது குறிப்பிட விரும்பினால், 'நூர்வோக், எஸ்கில் (2022), திரும்பப் பெறப்பட்டது' என்று தொடங்க வேண்டும்.

தோர்டிஸ்


பால்ஸ்டா, 12 செப்டம்பர் 2022

தோர்டிஸ்,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தேன். மீனை ஐஸ் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்து, மேலே ஒட்டிய ஐஸைத் தட்டாமல் தராசில் வைத்தால் எடை கூடுதலாகக் காட்டும். அதுதானே? நான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்றால் இது பெரிய தப்பு. சின்னப் பையன் செய்கிற தப்பு.

அப்படியானால் சில கேள்விகள்.

கதான்ஸ்க் பெண் போன வருடம் உங்களிடம் கேட்ட சந்தேகம் இதுதானா? அப்படியென்றால் நீங்கள் பெயரை மாற்றுவதற்கு முன்பே இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் 'ஒரே பெயராகவே போட்டுவிடலாம்' என்று எழுதினீர்களா? உங்கள் பெயர் எந்த மூலையிலும் இல்லாதபடி பார்த்துக்கொண்டதும் அதற்குத்தானா?

அவனுக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தது யார்? எஸ்கில் எங்கள் ஊரிலிருந்து கிளம்பும்போது அவனுக்குத் துளை போடும் கருவியைப் பிடிக்கக்கூடத் தெரியாது. யாரோ ஒருவர் முதல் நாள் பக்கத்தில் நின்று, இப்படி அளவுநாடாவை விடு, இங்கேயிருந்து படி என்று சொல்லியிருப்பார்கள் அல்லவா?

இந்தக் கடிதத்தை நான் சண்டைக்காக எழுதவில்லை. பெயரை எடுத்துவிடுங்கள். விதியைச் சொல்லாதீர்கள், உங்களால் முடியும். முன்பு போலவே 'எ. நூ.' என்று இரண்டே எழுத்தாக்கி அடியில் போட்டுவிடுங்கள். அது போதும். அதுகூட வேண்டாம்.

கல்லில் வெட்டியாகிவிட்டது. கல்வெட்டுபவனிடம் கேட்டேன். எண்ணை மட்டும் எடுக்க முடியாதாம், ஆழமாகப் போய்விட்டதாம். முகப்பு முழுவதையும் தேய்த்தால்தான் உண்டாம். தேய்த்தால் அவன் பெயரும் போய்விடும்.

ஹில்மார்


ட்ரொம்சோ, 19 செப்டம்பர் 2022

ஹில்மார்,

ஆம், தெரியும்.

கதான்ஸ்கிலிருந்து கேள்வி வந்தது போன அக்டோபரில். செயற்கைக்கோள் காட்டும் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கிறது, உங்கள் எண்கள் மட்டும் ஏன் தடிமனாக இருக்கின்றன, தூள்பனியும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டிருந்தாள். எஸ்கில் எனக்கு அனுப்பிய படங்களை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்று உங்களிடமும் இருக்கிறது, அடக்கத்தன்று பெட்டியின் மேல் வைத்திருந்தீர்கள். துளையருகே முழங்காலிட்டு, நாடாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அவன் முழங்கால் எதில் புதைந்திருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் உதாரணம் போட்டுப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் எனக்கு எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும். விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்துத் துளையில் அவன் முந்தின நாள் குறித்த தடிமன், ஒரு ஸ்கூட்டரையும் ஆளையும் தாராளமாகத் தாங்கும் தடிமன். மீட்புக் குழு அங்கே அளந்தபோது அதில் பாதிகூட இல்லை. அடியில் நீரோட்டம் கரைத்திருக்கும் என்றார்கள். நானும் அதைத்தான் உங்களிடம் சொன்னேன், அன்று நானும் நம்பினேன். நீரோட்டம் எதையும் கரைக்கவில்லை. அவன் தன் எண்ணை நம்பி வண்டியை விட்டான்.

நான் என்ன செய்வதாக இருந்தேன் தெரியுமா? என் பெயரிலேயே தொகுப்பைத் திரும்பப் பெற்று, 'தவறு என்னுடையது' என்று எழுதிவிட்டு ஓய்வு பெறுவதாக இருந்தேன். ஒருவரும் எஸ்கிலைத் தேடியிருக்க மாட்டார்கள். அந்த இரண்டு எழுத்து யாருடையது என்று யாருக்குத் தெரியும்? கோடைவரை பொறுங்கள் என்று உங்களை நான் கேட்டேன். நீங்கள் கப்பலேறி வந்தீர்கள்.

பெயரை எடுக்க முடியாது. நீக்கிவிட்டால், அந்த எண்களை நம்பிக் கட்டுரை எழுதியவர்கள் பிழை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நிற்பார்கள். அதற்காகத்தான் இந்த விதி. நல்ல விதி. நானும் சேர்ந்து எழுதியது.

தோர்டிஸ்


பால்ஸ்டா, 3 அக்டோபர் 2022

அன்புள்ள தோர்டிஸ்,

படத்தைப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல்வரை புதைந்திருக்கிறது. சுவரிலிருந்து கழற்றவில்லை. கழற்றினால் யோருன் ஏன் என்று கேட்பாள்.

அளக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதிய நீங்கள் அதற்கு எழுதவில்லை. இனிக் கேட்க மாட்டேன்.

ஊரில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கல்லறைக்கு வருகிறவர்கள் எண்ணைப் போனில் தட்டிப் பார்க்கிறார்கள், நான்தானே தட்டிப் பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். கடையில் என்னைக் கண்டதும் ஒட்வார் குனிந்து உருளைக்கிழங்கு பொறுக்க ஆரம்பித்துவிடுகிறான். ஆனால் யோருனிடம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மட்டில் நல்ல ஊர்.

அவள் இன்னும் தினமும் பக்கத்தைத் திறக்கிறாள். சிவப்புக் கட்டத்தை உங்கள் கடிதம் வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஹில்மார், மேல சிவப்புல என்னமோ புதுசா போட்டிருக்கே, என்ன அது?"

"ரொம்ப முக்கியமானதுன்னு போட்டிருக்கு."

"யாரு போட்டது? தோர்டிஸா?"

"ஆமா."

"பாத்தியா, நீ அவளை என்ன பேச்சு பேசினே" என்றாள். உங்களுக்குக் கம்பளிக் கையுறை பின்ன ஆரம்பித்திருக்கிறாள்.

நவம்பரிலிருந்து களஞ்சியத்தின் பக்கங்களெல்லாம் நம் மொழியிலும் வரப் போகின்றன என்று நூலகத்துப் பெண் சொல்கிறாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்ததோடு போகட்டும். அவன் பனிக்கட்டியால் செத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் தன் கணக்கால் செத்தான் என்று தெரிந்தால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள். மிரட்டுவதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கூட வாழ்கிறவனுக்குத் தெரியும்.

உங்கள் அம்மாவிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். முழங்காலிடச் சொன்னால் முழங்காலிடுகிறேன். எந்த நாள் வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஹில்மார்


ட்ரொம்சோ, 10 அக்டோபர் 2022

அன்புள்ள ஹில்மார்,

அம்மாவிடம் வர வேண்டாம். அவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது. மே மாதமே கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருந்தார். பரிசு கொடுப்பதை அவர் நினைவு இருக்கும்போதே பார்த்துவிடட்டும் என்றுதான் முன்வரிசையில் உட்காரவைத்தேன். இப்போது என் பெயர் வருவதில்லை. அப்பா இறந்தது தெரிவதில்லை. அந்த அரங்கத்தில் கேட்டது மட்டும் தங்கிவிட்டது. நான் உள்ளே நுழைந்ததும், "அந்தப் பையனோடதை ஏம்மா எடுத்தே? திருப்பிக் குடுத்துடு" என்கிறார். "குடுத்துட்டேம்மா" என்கிறேன். "நல்லது, நல்லது" என்று கையைத் தட்டிக்கொடுக்கிறார். கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் மறுபடியும் கேட்கிறார்.

மொழிபெயர்ப்பைப் பற்றி விசாரித்தேன். ஒரு பக்கத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவைக்க விதியில் இடம் இருக்கிறது. துறைப் பொறுப்பாளர் எழுதிக் கேட்க வேண்டும். களஞ்சியத்தில் இந்தத் துறைக்குப் பொறுப்பாளர் நான். கேட்கவில்லை.

நீங்கள் அன்று நம் மொழியில்தான் பேசினீர்கள். என் அம்மாவுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

நவம்பர்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எஸ்கிலின் பக்கம் வருகிற திங்கட்கிழமையே வந்துவிடும். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்காமல் நானே உட்கார்ந்து செய்தேன். துறைச் சொற்களைத் தவிர்த்து, சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதியிருக்கிறேன். படிக்கிறவர் யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்காது.

தோர்டிஸ்